சாம்பாருக்குச் சாம்பார்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு நீங்களாகக் கண்டுபிடித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சாதாரண முட்டாளும் இல்லை. படித்துப் பட்டம் வாங்கி, அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் முட்டாள். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போய், திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். அதிலும் என் தலையில் கட்டியிருப்பது பன்னாட்டு வணிகம். நாடுகள் ஏன் ஒன்றோடொன்று வியாபாரம் செய்கின்றன என்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பில் விளக்குவேன். நான் விளக்க விளக்கப் பிள்ளைகள் தூங்குவார்கள். சில நாள் விளக்கிக்கொண்டே நானும்.

இப்பேர்ப்பட்ட நான், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்த ஒரு வெளிநாட்டு வணிகத்தை, ஒரே சாயங்காலத்தில், ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் நிறுத்திக் காட்டினேன்.

வணிகம் நடந்த இடம் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடி. மாடியில் இரண்டே வீடுகள். கதவுக்கு எதிரே கதவு. நடுவே இரண்டு வீட்டுச் செருப்புகளும் சண்டை போடாமல் கிடக்கிற அளவுக்கு இடைவெளி. இந்தப் பக்கம் நானும் என் மனைவியும். அந்தப் பக்கம் எதிர்வீட்டு அக்காவும் அவர் கணவரும். அக்காவுக்கு ஊர் வையம்பட்டி. அவர் கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். பேசுவது குறைவு, சாப்பிடுவது நிறைவு. என் மனைவிக்குத் திருவெள்ளறை. எனக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மனைவியே பதில் சொல்லிவிடுவாள்.

வெள்ளறையில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வயலின் நாலு மூலையிலிருந்தும் பதில் வரும். அப்படி வளர்ந்தவள் இங்கே குடிவந்த புதிதில் சாத்திய கதவுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேச்சுத் துணைக்குத்தான் நான் இருந்தேனே என்பீர்கள். நான் பேசியது பணவீக்கம். ஒருநாள் கதவு தட்டப்பட்டது. கையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோடு அக்கா நின்றிருந்தார்.

"ஊருக்குப் போயிருந்தேன்மா. இல்லாட்டி மொத நாளே வந்திருப்பேன். இந்தா, சாம்பார்."

அவ்வளவுதான். மறுநாள் அந்த டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் நம் ஊர்ப் பழக்கம் தெரியுமல்லவா? அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சர்க்கரையாவது, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது போட்டுத்தான் தர வேண்டும். காலி டப்பா போனால் 'இத்தோடு சரி, இனிமேல் நீ யாரோ நான் யாரோ' என்று பொருள். என் மனைவி அதில் தன் சாம்பாரை ஊற்றிக் கொடுத்தாள். பிறகு அக்கா அதே டப்பாவில் மறுபடி ஏதோ கொடுத்தார். அதைத் திருப்பும்போது இவள் எங்கள் டப்பா ஒன்றையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தாள். முதல் நாள் வந்த சாம்பாருக்கு இன்னும் பதில் மரியாதை முடியவில்லை, அது இன்னும் போய்க்கொண்டேயிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

பாத்திரங்கள் மாறிப்போகவும் வழியில்லை. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும். அக்கா வீட்டுப் பாத்திரங்களில் அவர் அம்மா பெயர். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் என் மாமனார் பெயர். என் பெயர் வெட்டிய பாத்திரம் எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. நான் பாத்திரமே வாங்கியதில்லை என்பதால் இதில் நான் குறைபட்டுக்கொள்ள முடியாது.

டப்பா கைமாறும் அந்தச் சில நிமிஷங்களில்தான் என் மனைவியின் உலகமே இருந்தது. செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு இரண்டு பேரும் பேசுவார்கள். காலையில் ஒரு அமர்வு, மாலையில் ஒரு அமர்வு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்றால் முழுநாள் மாநாடு. எங்கள் சமையலறையில் முறுக்குச் சுடுவார்கள். இவள் அச்சில் மாவை வைத்துப் பிழிவாள், அக்கா எண்ணெய்ச் சட்டிக்குக் காவல். வையம்பட்டிப் பக்கம் முறுக்குக்குப் பேர்போனது; அக்காவுக்கு அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்று நான் சமையலறைப் பக்கம் போனால், உடைந்த முறுக்கைக் கையில் கொடுத்து விரட்டிவிடுவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது.

இங்கிருந்து அங்கே சாம்பார் போகிறது. அங்கிருந்து இங்கே சாம்பார் வருகிறது. இங்கிருந்து ரசம், அங்கிருந்து ரசம். ஒரு நாட்டில் இல்லாததை இன்னொரு நாட்டிலிருந்து வாங்குவதுதானே வணிகம்? இரண்டு நாட்டிலும் ஒரே சரக்கு இருக்கும்போது அதைக் கப்பலில் ஏற்றி எதிரும் புதிருமாக அனுப்பிக்கொள்வது என்ன பைத்தியக்காரத்தனம்? நான் பாடம் நடத்தும் பொருளாதாரம் என் வீட்டு வாசலிலேயே தினம் இரண்டு வேளை அவமானப்படுகிறதே!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா டப்பா கொடுக்க வந்து, காபிக்காக உட்கார்ந்தார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. அரிசி மாவு எப்போது அரைப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பாட்டு மேசை மேல் இரண்டு டம்ளரையும் இரண்டு டவராவையும் எடுத்து வைத்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் ஒரு பெரிய தப்பு பண்ணிக்கிட்டிருக்கீங்க."

"ஐயையோ, கேஸ மூடாம வந்துட்டேனா சார்?" அக்கா பதறி எழுந்தார்.

"அதில்லக்கா. சாம்பார்."

"உப்பு ஜாஸ்தியா?"

"உப்பெல்லாம் சரி. நீங்களும் சாம்பார் வைக்கிறீங்க, ரசம் வைக்கிறீங்க. இவளும் சாம்பார் வைக்கிறா, ரசம் வைக்கிறா. அப்புறம் ரெண்டையும் மாத்திக்கிறீங்க. எதுக்கு? இந்த டம்ளர் சாம்பார், அந்த டவரா ரசம்னு வச்சுக்குங்க. ஒரு வீட்டுல சாம்பார் மட்டும் பெரிய குண்டான்ல வைங்க. இன்னொரு வீட்டுல ரசம் மட்டும். பாதிப் பாதி மாத்திக்கலாம். வேலை மிச்சம், கேஸ் மிச்சம், நேரம் மிச்சம். ஒவ்வொரு நாடும் தனக்கு நல்லா வர்றத மட்டும் செஞ்சா உலகத்துல எல்லாருக்கும் லாபம்."

அக்கா டவராவைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு எத வைக்கிறது?"

கொஞ்சம் புத்தியுள்ள ஆள் இங்கே, "உங்க இஷ்டம்" என்று சொல்லி எழுந்து போயிருப்பான். என்னிடம் முதன்முதலாக ஒரு மாணவி, தூங்காமல், தானாகச் சந்தேகம் கேட்டிருக்கிறார். விடுவேனா?

"அதுக்குத்தான்கா தியரியே இருக்கு. பாருங்க, இவ சாம்பாரும் நல்லா வைப்பா, ரசமும் நல்லா வைப்பா."

மனைவியின் முகம் மலர்ந்தது. அடுத்த விநாடியே, எனக்கு அடுத்த வாக்கியம் என்று ஒன்று இருக்கும் என்பது ஞாபகம் வந்து, வாடியது. அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியை இடமும் வலமும் ஆட்டினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க ரெண்டுலயும் கொஞ்சம் பின்தங்கியிருக்கீங்க."

அக்கா டவராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"ஆனா கவலப்படாதீங்கக்கா! இந்தத் தியரியோட அழகே அதுதான். ரெண்டுலயும் மட்டமா இருக்கிற நாடுகூட வியாபாரம் பண்ணிப் பொழைச்சுக்கலாம். எதுல ரொம்ப மட்டம், எதுல கொஞ்சமா மட்டம்னு பாக்கணும். சாம்பார்ல நீங்க ரொம்ப மட்டம். ரசத்துல அவ்வளவு மட்டம் இல்ல. அதனால ரசத்த நீங்க எடுத்துக்குங்க."

அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது.

"அப்ப, ரசத்துல அவ்வளவு மட்டமில்லங்கிறீங்க."

"ஆமாக்கா."

"ரொம்ப சந்தோஷம் சார்."

எழுந்து போனார். எதிர்க் கதவு அறைந்து சாத்தப்படவில்லை. மெல்ல, மிக மெல்லச் சாத்தப்பட்டது. அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"என்ன, அக்காவுக்குப் புரிஞ்சிருச்சு போல," என்றேன்.

மனைவி கரண்டியை மேசை மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, காலேஜ்ல உங்கள யாரும் அடிச்சதில்லையா?"

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு டப்பா இருந்தது. மாமனார் பெயர் வெட்டிய டப்பா. தேய்த்து, கழுவி, துணியால் துடைத்து, மூடி அழுத்தி மூடப்பட்டிருந்தது. மனைவி திறந்தாள். கறிவேப்பிலை இல்லை, சர்க்கரை இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. உள்ளே தெரிந்தது அவள் முகம் மட்டும்தான். மூடியை மூடி, மறுபடி ஒருமுறை திறந்து பார்த்தாள்.

அன்றைக்கு அவள் செருப்புகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். எதிர்க் கதவு திறக்கவில்லை. உள்ளே வந்து அடுப்பில் சாம்பார் வைத்தாள். ரசம் இல்லை. கேட்டேன். என்னிடம் நேராகப் பேசுவதை அவள் நிறுத்தியிருந்ததால் குக்கரிடம் சொன்னாள்.

"குக்கரே, ரசம் எதிர்நாட்டு டிபார்ட்மெண்ட். நாம சாம்பார் மட்டும்தான் வைக்கணும். சார் சொல்லியிருக்காரு."

காலை இட்லிக்குச் சாம்பார். மதியம் சாதத்துக்குச் சாம்பார். ராத்திரி தோசைக்குச் சாம்பார். அடுத்த நாளும் அதே. அந்த வாரம் பார்த்து வெள்ளறையிலிருந்து மாமனார் ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார். எந்த நாட்டில் எது கொட்டிக் கிடக்கிறதோ அந்த நாடு அதை வைத்துத்தான் பொருள் செய்யும் என்று இன்னொரு தியரி உண்டு. அதன்படி எல்லாமே கத்திரிக்காய்ச் சாம்பார்.

சமாதானத்துக்கு ஒரு முயற்சி செய்தேன். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் அட்டைப்பெட்டி நிறைய இனிப்பு வாங்கி, எதிர்க் கதவைத் தட்டி, அக்காவின் கணவரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி எங்கள் வாசலில் இருந்தது. உள்ளே இனிப்பு குறையாமல் இருந்தது. கடைச் சரக்கைக் கொண்டுவந்து கொட்டி அடுத்த நாட்டுக்காரரை மடக்கப் பார்த்தால் அவர்கள் எல்லையிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று நானே எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன்! பெட்டியை மனைவி திறந்துகூடப் பார்க்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம முறுக்கு," என்று குக்கரிடம் மெதுவாகச் சொன்னாள். "நான் பிழிஞ்சா யாரு எடுக்கிறது?" அந்தக் குரல் விளையாட்டுக் குரலாக இல்லை. குக்கருக்கு மட்டும் கேட்கட்டும் என்று நான் ஹாலுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கீழே பைக் நிறுத்துமிடத்தில் அக்காவின் கணவரைப் பார்த்தேன். பைக்கில் உட்காராமல் அதன்மேல் சாய்ந்து நின்றிருந்தார். ஆள் வாடியிருந்தார்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"ரசம் சார்."

"ரசத்துக்கு என்ன?"

"அதுதான் சார், ரசம். காலைல ரசம், மதியம் ரசம், ராத்திரி ரசம். இட்லிக்கு ரசம் ஊத்தித் தர்றா சார். ஏன்டின்னு கேட்டா, 'அதுலதான் நான் அவ்வளவு மட்டமில்லையாம், சார் சொல்லிட்டாரு'ங்கிறா. டெப்போல டிபன் பாக்ஸத் தொறந்தா பக்கத்துல இருக்கிறவன் தள்ளி உக்காருறான். தண்ணியா இருக்குல்ல, சிந்திருமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. என் திட்டம் அட்சரம் பிசகாமல் நிறைவேறியிருக்கிறது! ஒரு நாடு சாம்பார் மட்டும் செய்கிறது, இன்னொரு நாடு ரசம் மட்டும் செய்கிறது. நடுவே வியாபாரம் மட்டும் இல்லை. உலகத்தில் எந்தப் பாடப்புத்தகமும் இப்படி ஒரு நிலைமையைக் கற்பனைகூடச் செய்து பார்த்ததில்லை.

"எங்க வீட்டுல சாம்பார் மட்டும்தான்ணே," என்றேன்.

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "சாம்பாரா? காய் போட்டா?"

"கத்திரிக்காய்."

அவர் பைக் பெட்டியைத் திறந்து மூடினார், நான் காலேஜ் பையைத் திறந்து மூடினேன். இரண்டு பேருக்கும் ஒரே யோசனைதான். யார் முதலில் சொல்வது என்றுதான் கூச்சம்.

அடுத்த நாளிலிருந்து கள்ளக்கடத்தல் தொடங்கியது. மனைவி அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து ஒரு டப்பாவில் சாம்பாரை ஊற்றி, காலேஜ் பையில் புத்தகங்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு இறங்குவேன். அவர் பைக் பெட்டிக்குள் ஸ்பானருக்குப் பக்கத்தில் ரச டப்பா இருக்கும். கைமாற்றிக்கொள்வோம். சாயங்காலம் அதே இடத்தில், மோட்டார் ரூம் குழாயில் கழுவிய டப்பாக்களை அவரவர் பாத்திரம் அவரவருக்கு என்று திருப்பிக்கொள்வோம். காலியாகத்தான். ஆண்பிள்ளைகளுக்குள் அந்தச் சம்பிரதாயம் கிடையாது.

காலேஜில் அந்த ரசத்தைச் சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். வணிகத்தால் இரு நாடுகளும் பயனடைகின்றன என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அது நாக்கில் தெரிந்தது அன்றுதான். இன்னொரு விஷயமும் தெரிந்தது, சொன்னால் அடிப்பீர்கள். ரசத்தில் அக்கா மட்டமே இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மனைவியிடம் கேட்டேன். "அக்கா சாம்பார் வராட்டி என்ன, நம்ம வீட்டுலதான் குண்டான் நெறைய சாம்பார் இருக்கே?"

குக்கரை விட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். "இது என் சாம்பாருங்க. அக்கா ஒரு துண்டு வெல்லம் போடுவாங்க. மல்லிய வறுத்து அரைப்பாங்க. எனக்கு அப்படி வராது. அவங்களுக்கு என்னோடது மாதிரி வராது. தெனம் என்னோடதயே நான் தின்னணுமா?"

நான் போய்ப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். எங்கேயோ ஓர் இடத்தில் கோட்டை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது, எங்கே என்று தெரியவில்லை. பழைய காலத்து ராஜாக்கள், விற்க மட்டும் செய்வோம், வாங்கவே மாட்டோம், தங்கத்தைக் குவிப்போம் என்று அலைந்த பகுதி நன்றாக அழுக்காகியிருந்தது. எது நன்றாக வருமோ அதைச் செய் என்கிற பகுதியில் டீ சிந்தியிருந்தது. கிட்டத்தில் இருக்கும் நாடுகள்தான் அதிகம் வியாபாரம் செய்துகொள்ளும் என்கிற பகுதியில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. கடைசிப் பகுதி மட்டும் புத்தம் புதிதாக, பக்கங்கள் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதற்குள் எப்போதும் செமஸ்டர் முடிந்துவிடும். அதை நான் நடத்தியதே இல்லை. உண்மையைச் சொன்னால் படித்ததும் இல்லை.

அங்கே இருந்தது. கார் செய்யும் நாடு, கார் செய்யும் இன்னொரு நாட்டிலிருந்து கார் வாங்குகிறது. ஏன்? எல்லாக் காரும் ஒன்றில்லை. தன் நாட்டில் கார் இருந்தாலும் மனிதனுக்கு அடுத்த நாட்டுக் காரின் மேல் ஓர் ஆசை. ஒரே பொருளிலேயே பல ரகம் கிடைப்பதே ஒரு லாபம். இதை எழுதியவர்களுக்கெல்லாம் கார் ஞாபகம் வந்திருக்கிறது. சாம்பார் என்று ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தால் எனக்கு எவ்வளவு கஷ்டம் மிச்சமாகியிருக்கும்!

படித்தாயிற்று. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? எதிர்க் கதவு திறக்கவில்லை. தியரியோடு போனால் திறந்த கதவும் சாத்தப்படும் என்கிற அளவுக்கு எனக்கும் அனுபவம் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வந்துவிட்டது. அரை நாள் வகுப்பு. திரும்பும்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே உள்ளே ஓடி வந்தேன். மோட்டார் ரூம் பக்கம் எதிர்வீட்டு அண்ணனும் நனைந்துகொண்டு நின்றிருந்தார். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை, குழாயைத் திருகினால் காற்றுதான் வந்தது.

"கழுவாம எப்படிண்ணே மாத்திக்கிறது?"

"பையில இருக்கிறது பையிலயே இருக்கட்டும் சார். வீட்டுல குடத்துத் தண்ணியில சத்தமில்லாம கழுவி வச்சுருங்க. நாளைக்கு மாத்திக்குவோம்," என்று சொல்லிவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினார். நல்ல திட்டமாகத்தான் பட்டது. திட்டங்களைப் பொறுத்தவரை எனக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

வீட்டில் மனைவி மாவு மில்லுக்குப் போயிருந்தாள். டப்பாவைச் சமையலறைத் தொட்டியில் போட்டேன். தலையைத் துவட்டிவிட்டு வந்து கழுவலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தேன். நனைந்த உடம்பு, மழைச் சத்தம். தூங்கிவிட்டேன்.

"ஏங்க! ஏங்க!"

எழுந்து பார்த்தால் மனைவி கட்டில் பக்கத்தில் நிற்கிறாள். கையில் டப்பா. அதன் வயிற்றில் அக்காவின் அம்மா பெயர். அதற்குள் மூக்கை வைத்து இழுத்து மோந்தாள்.

"அக்கா ரசம்! அக்கா வந்தாங்களா?"

ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் சந்தோஷமாகப் பேசிய முதல் வார்த்தைகள். அந்த முகத்தைப் பார்த்தால் நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

"ம்," என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல." இதில் பொய் இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

"ரசத்த என்ன பண்ணீங்க?"

"பசிச்சுது. குடிச்சிட்டேன்." இதிலும் பொய் இல்லை.

"மொத்தமுமா? எனக்கு ஒரு வாய் வைக்கல?" என்று திட்டினாள். சிரித்துக்கொண்டே திட்டினாள். டப்பாவைத் தேய்த்துக் கழுவினாள். காலியாகக் கொடுக்க முடியாதே. என்ன போடுவது என்று சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மில்லிலிருந்து அப்போதுதான் அரைத்து வந்த முறுக்கு மாவைத் திறந்து, இன்னும் சூடு ஆறாத மாவை அந்த டப்பாவில் அழுத்தி அழுத்தி நிரப்பி மூடினாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று அதைவிடத் தெளிவாக ஒருவரிடம் சொல்ல முடியாது.

"இந்தாங்க. கெடுத்தது நீங்க, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க. எதுவும் பேசாதீங்க."

நான் டப்பாவோடு செருப்புகளைத் தாண்டினேன். நாலு எட்டுகூட இல்லாத இடம். என் மனசில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: அக்கா கதவைத் திறந்து, "நான் எங்க சார் ரசம் குடுத்தேன்?" என்று கேட்டால் என் மனைவிக்குத் தெரிந்துவிடும். அவள் எங்கள் வாசற்படியில், கதவுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாவும் வீண், ஞாயிற்றுக்கிழமையும் வீண்.

தட்டினேன். கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், அதில் தன் அம்மா பெயரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அண்ணன் நின்று, உதட்டின் மேல் விரலை வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதற்கும் பின்னால் சமையல் மேடை தெரிந்தது. மேடை மேல், கழுவித் துடைத்து, மூடி திறந்தபடி, மாமனார் பெயர் வெட்டிய எங்கள் டப்பா. அடுப்பில் முறுக்குக்கான உளுந்து பொன்னிறமாக வறுபட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனையும் எள்ளு வாசனையுமாக வாசல் வரை வந்தது.

அண்ணனும் மழையில் நனைந்தவர்தானே. அவரும் தூங்கியிருக்கிறார்; எங்கள் டப்பா அக்கா கையில் கிடைத்திருக்கிறது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் மனைவி சொன்னது மறந்துபோயிற்று. இவ்வளவு நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்த அந்தக் கடைசிப் பகுதி தானாக வெளியே வந்தது.

"அக்கா, நான் அன்னிக்குச் சொன்னது பழைய தியரிக்கா. மன்னிச்சுக்குங்க. அதுக்கு அப்புறம் புதுசா ஒண்ணு வந்திருக்கு, நான்தான் படிக்கல. ஒரே பொருளச் செய்யிற ரெண்டு நாடு அதையே ஏன் மாத்திக்குதுன்னா, உங்க சாம்பார் வேற ரகம், இவ சாம்பார் வேற ரகம். ரெண்டும் இருந்தாத்தான் லாபம். அதனால ரெண்டுல எது மட்டம்கிற கேள்வியே..."

பின்னால் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் வாசலில் கரண்டி விழும் சத்தம் கேட்டது.

அக்கா சொன்னார்:

"டப்பாவ வச்சுட்டுப் போங்க சார்."